ராஜ்மாச்சி முகட்டில் ஒரு நாள் நடை

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதனால்தான் மலையைப் பற்றிப் பேசு என்று செயலாளர் பணித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். மேடைப் பேச்சு பழக்கமில்லை. வகுப்பில் பேசுவது போலவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் மும்பைக்கும் புனேக்கும் இடையே எத்தனையோ தடவை ரயிலில் போயிருப்போம். கர்ஜத்தில் வடாபாவ் வாங்குவோம். பின்னாலிருந்து தள்ளுவதற்கு இஞ்சின் சேர்ப்பார்கள். பிறகு குகை மேல் குகையாக இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும். அப்போது ஒரு பக்கத்து ஜன்னலில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று திறந்து மூடும். அது உல்ஹாஸ் நதி பிறக்கும் பள்ளத்தாக்கு. அதற்கு எதிர்க்கரையில் கோட்டை மதில் போல நிற்கும் மலையே ராஜ்மாச்சி. ரயிலிலிருந்து அரை நிமிஷம் பார்க்கும் அந்த மலையின் முதுகில் ஒரு நாள் முழுக்க நடக்கலாம் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

லோனாவாலாவில் புறப்பட்டு துங்கார்லி வழியாக வடக்கே நடந்தால் சுமார் 15 கிலோமீட்டரில் உதேவாடி என்ற சிறு கிராமம். அதன் தலைக்கு மேல் ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்று இரண்டு கோட்டைகள். உயரமானது ஸ்ரீவர்தன், சுமார் 3000 அடி. 1657-இல் சிவாஜி மகாராஜா கைப்பற்றிய கோட்டை இது. 1818-இல் வெள்ளைக்காரர் வசம் போயிற்று. கிராமத்திலிருந்து மேற்கே செங்குத்தாக இறங்கினால் கொண்டாணே குகைகள், அதற்கும் கீழே கொண்டிவடே கிராமம், அங்கிருந்து வண்டி பிடித்தால் கர்ஜத் ஸ்டேஷன். திடமாக நடப்பவர்கள் இவ்வளவையும் ஒரே பகலில் முடித்துவிடுவார்கள்.

இந்த மலை எப்படி உண்டானது என்பதை ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகும் எச்சரிக்கைக்கு அது வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு வழிந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. அடை மேல் அடையாகத் தட்டில் அடுக்கினாற்போல் பாறை படிந்தது. அந்த அடுக்குகளில் சில மகா கெட்டி, சில பொருபொருவென்று இருக்கும். மழைக்கு மெதுவான அடுக்கு முதலில் கரைந்து போகும். அதற்கு மேலிருக்கும் கெட்டி அடுக்கு மாடத்துத் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே நிற்பவருக்குக் காலடியில் உறுதியான பாறை மாதிரித்தான் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. ஆகவே முகட்டில் நடக்கும்போது விளிம்பிலிருந்து பத்தடி உள்ளேயே நடக்க வேண்டும். போட்டோ எடுப்பதானாலும் அப்படித்தான்.

2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. நம் கிளையிலிருந்து பதினோரு பேர் கிளம்பினோம். சின்னவனுக்கு வயது பன்னிரண்டு, பெரியவருக்கு அறுபத்தெட்டு. முந்தின இரவே லோனாவாலாவில் தங்கி, காலை ஆறரை மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். மார்கழிக் குளிர். பையில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், புளியோதரை, தயிர்சாதம், போதாக்குறைக்கு லோனாவாலா சிக்கி. நம் கடலைமிட்டாய்க்கு அது ஒன்றுவிட்ட தம்பி.

கிளம்பும் முன் மூன்று விதிகளைப் பேசி வைத்துக்கொண்டோம். முதலாவது, எல்லாரிலும் மெதுவாக நடப்பவர்தான் முன்னால் நடக்க வேண்டும். இரண்டாவது, யாரும் தனியாகப் பின்தங்கக் கூடாது. மூன்றாவது, மதியம் ஒரு மணிக்குள் உதேவாடியை விட்டுப் புறப்பட முடிந்தால் மட்டுமே குகை வழியாக இறங்குவது. ஒரு நிமிஷம் தாண்டினாலும் இறக்கம் கிடையாது. பதினோரு பேரும் சரி என்றார்கள்.

வழி பெரும்பாலும் மண்பாதை. ஜீப் போகும். நடுநடுவே காடு. வழியோரம் கார்விச் செடிப் புதர்கள். நம்மூர் நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தரம் பூக்கும் அல்லவா? அதே இனத்தைச் சேர்ந்த கார்வி 7, 8 வருஷத்துக்கு ஒரு தரம் பூக்கிறது. அதன் குச்சிகளை வரிசையாக நட்டு மண் பூசித்தான் இந்தப் பக்கத்துக் குடிசைச் சுவர்களைக் கட்டுவார்கள். மரங்கள் விலகும் இடத்தில் சட்டென்று இடது கைப் பக்கம் பூமி இல்லாமல் போகும். ஆயிரத்துக்கும் அதிகமான அடி ஆழம். எதிர்ப்பக்கத்து மலையில் தீப்பெட்டிகளைக் கோத்தாற்போல ஒரு ரயில் ஏறிக்கொண்டிருக்கும்.

அந்தத் தண்டவாளத்தைப் பார்த்தபடி பையனுக்குச் சொன்னேன். 1856-இல் தொடங்கி 1863-இல் திறந்த பாதை அது. 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம். குத்தகை எடுத்த சாலமன் டிரெட்வெல் 1859-இல் இங்கே வந்து சில வாரங்களிலேயே இறந்துவிட்டார். அவர் மனைவி ஆலிஸ் ஊர் திரும்பாமல் அந்தக் குத்தகையைத் தன் பொறுப்பில் ஏற்று வேலையை நடத்தினார். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான கூலியாட்கள் வியாதியிலும் விபத்திலும் மாண்டார்கள். நாம் ஏ.சி. பெட்டியில் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுகிறோம்.

பாதி வழியில் எங்கள் கூட்டத்து மாமி ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. விதிப்படி அவரே முன்னால் நடந்தார். உதேவாடியை அடைந்தபோது மணி இரண்டு பத்து.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. மறுநாள் சோமவாரத்தோடு கூடிய அமாவாசை. என் ஆத்துக்காரருக்கும் இன்னொரு மாமாவுக்கும் தர்ப்பணம். இருவரும் எப்படியும் அன்று இரவே வீடு சேர்ந்தாக வேண்டும்.

"சாப்ட்டுட்டு மூணு மணிக்கு எறங்கினா அஞ்சரைக்குக் கீழ. எட்டரைக்கு ஆத்துல இருக்கலாம். வெளிச்சம்தான் இருக்கே!" என்றார் என் ஆத்துக்காரர்.

"ஏன்னா, ஒரு மணின்னு காலம்பற எல்லாருமாச் சேர்ந்துதானே முடிவு பண்ணினோம்?" என்றேன்.

"அது சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னது. பித்ரு காரியத்தைவிட அது பெரிசா?"

யாரும் பேசவில்லை. பித்ரு காரியம் என்ற பிறகு எதிர்த்து என்ன சொல்வது? முழங்கால் வலிக்கார மாமி, "என்னாலதான் லேட்டு. நான் மெள்ள எறங்கிடறேன், வாங்கோ" என்று எழுந்தே விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒருவர் வாய்விட்டு அவசரப்பட்டால், நடக்க முடியாதவர்தான் முதலில் 'முடியும்' என்று சொல்லிவிடுகிறார். மலையில் நடக்கும் விபத்துகள் பல இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் வெற்றிலை போட்டபடி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நிதானமாக, "காகா, ஆதா நகோ. ஸகாளீ ஜா" என்றார். இப்போது வேண்டாம், காலையில் போங்கள் என்று அர்த்தம். வானத்தைக் காட்டி இன்று நிலா இல்லை என்றும் சொன்னார். அமாவாசை இரவுக்கு முந்தைய இரவு நிலா எங்கே வரும்? எங்களுக்குத் தர்ப்பணத்தை நினைவுபடுத்திய அதே அமாவாசை அவருக்கு இருட்டை நினைவுபடுத்தியது.

வழியையும் அவரே சொன்னார். அவருக்குத் தெரிந்தவரின் ஜீப் நாலு மணிக்கு லோனாவாலா போகிறது. தர்ப்பணம் உள்ள இருவரும் அதில் ஏறினார்கள். இரவு பத்தரைக்கு வீடு சேர்ந்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, தர்ப்பணம் நல்லபடி ஆயிற்று என்று எனக்குச் செய்தி வந்தது.

மீதி ஒன்பது பேரும் கிராமத்திலேயே தங்கினோம். ராத்திரி பாக்ரியும் பிட்லாவும். நம்மாத்துப் பிட்லை என்று நினைத்துவிடாதீர்கள், இது கடலைமாவில் கிளறுவது. வெங்காயம் பூண்டு இல்லாமல் செய்து தர முடியுமா என்று தயங்கிக் கேட்டோம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தனியாகச் செய்து கொடுத்தார்.

சாயங்காலம், மாமியையும் அவருக்குத் துணையாக ஒருவரையும் வீட்டில் விட்டு, மற்றவர்கள் ஸ்ரீவர்தன் கோட்டைக்கு ஏறினோம். என் வாழ்நாளில் எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்த படத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். மேற்கே உல்ஹாஸ் பள்ளத்தாக்கு. அங்கே விழும் மழை கர்ஜத், பத்லாபூர், கல்யாண் வழியாக அரபிக் கடலுக்குப் போகிறது. கிழக்கே ஷிரோட்டா ஏரி. அந்தப் பக்கத்து மழை இயற்கையாக இந்திராயணிக்குச் சொந்தம். இந்திராயணி தேஹு, ஆளந்தி வழியாக ஓடி பீமாவில் சேரும். பீமா பண்டரிபுரத்தில் சந்திரபாகாவாக வளைந்து, கிருஷ்ணாவில் கலந்து, விஜயவாடா தாண்டி வங்காள விரிகுடாவை அடையும். பக்கத்துப் பக்கத்தில் விழும் இரண்டு துளிகளில் ஒன்று பாண்டுரங்கனைச் சேவித்துவிட்டுக் கிழக்குக் கடலுக்கு, மற்றது கல்யாண் வழியாக மேற்குக் கடலுக்கு.

இதில் மனிதன் கை வைத்ததும் உண்டு. கிழக்கே போக வேண்டிய தண்ணீரை அணை கட்டித் தடுத்து, மேற்கே மலையடிவாரத்துக்குக் குழாயில் இறக்கி டாடா நிறுவனம் மின்சாரம் எடுக்கிறது. கோபோலி நிலையம் 1915-இல், பிவ்புரி நிலையம் 1922-இல் தொடங்கின. பிவ்புரியில் வேலை முடிந்த தண்ணீர் உல்ஹாஸில் விடப்படுகிறது. அந்த நதியிலிருந்துதான் கல்யாண் - டோம்பிவிலிக்குக் குடிநீர். ஆக, டோம்பிவிலியில் நாம் காப்பி போடும் தண்ணீரில் ஒரு பங்கு பண்டரிபுரம் போயிருக்க வேண்டியது! இதைச் சொன்னதும் பன்னிரண்டு வயதுப் பையன் "டீச்சர் பாட்டி, இதை ஏன் புஸ்தகத்துல போடல?" என்றான். பூகோள ஆசிரியைக்கு இதைவிடப் பெரிய சன்மானம் வேண்டுமா?

மறுநாள் காலை ஏழரைக்குக் குகைப் பாதையில் இறங்கினோம். சுமார் 2000 அடி இறக்கம். உருளும் கற்கள், சருகு மூடிய வளைவுகள், இரண்டு இடத்தில் பாதை பிரிந்து எது சரி என்று தேட வேண்டியிருந்தது. மாமி இரண்டு கைகளிலும் கோல் ஊன்றி, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். குகைகள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த விஹாரங்கள். கண்ஹன் என்பவரின் சீடன் பலகன் செய்தது என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. மரவேலை போலவே பாறையைச் செதுக்கியிருக்கிறார். குகையில் நின்ற நேரத்தைக் கழித்தே கீழே சேர மூன்றரை மணி ஆயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்தின நாள் மூன்று மணிக்குக் கிளம்பியிருந்தால் ஆறரை. டிசம்பரில் சூரியன் ஆறு மணி சுமாருக்கு அஸ்தமித்துவிடுகிறது. கடைசிப் பகுதி முழுக்க நிலா இல்லாத இருட்டில், வலிக்கும் முழங்காலோடு.

வீட்டுக்கு வந்ததும் என் ஆத்துக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த தடவை பன்னிரண்டரைன்னு வச்சுக்கலாம்" என்றார்.

நான் சொல்ல வந்தது இதுதான். நாம் திருப்பதிக்கும் பத்ரிக்கும் போகிறோம், வாசல்வரை வண்டி போகிறது. நடை மறந்துவிட்டது. மறுபடி நடக்கத் தொடங்கும்போது உடம்பின் பலம் மட்டும் போதாது. திரும்ப வேண்டிய நேரத்தைக் காலையில், தெளிவான புத்தியோடு, வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மலை மேல், களைப்பும் அவசரமும் சேர்ந்திருக்கும்போது அதை மறுபடி விவாதத்துக்கு எடுக்காதீர்கள். எவ்வளவு நியாயமான காரணம் வந்தாலும் சரி. நியாயமான காரணம்தான் நம்மை இருட்டில் இறக்கிவிடும். ஜீப் போல வேறு வழி அநேகமாக இருக்கும், நின்று தேடினால் கிடைக்கும்.

இன்னொன்று. மழைக் காலத்தில் இந்த மலைகள் அழகுதான். ஆனால் 2024 ஜூன் 30 அன்று, லோனாவாலா பூஷி அணைக்குப் பின்னாலிருக்கும் அருவியில், ஒரே குடும்பத்தில் ஐந்து உயிர்கள் வெள்ளத்தில் போயின. மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. நம் போன்றவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை போதும்.

ஒவ்வொரு கிளையும் வருஷத்துக்கு ஒரு நாள் இப்படி ஒரு நடையை வைத்துக்கொள்ளலாமே என்பது என் விண்ணப்பம். எந்த ஊரிலும் பக்கத்தில் ஒரு மலை இருக்கும். தாத்தாவும் பேரனும் சேர்ந்து போகட்டும். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பஞ்சாங்கத்தில் திதியோடு நிலாவையும் பாருங்கள்.