பால் வற்றியதா?



சென்ற ஆண்டு, என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திடப் பள்ளிக்கு வந்தார். தோளில் இரண்டு மாதக் குழந்தை, பையில் புட்டிப்பால்.

"பால் வத்திப் போச்சு டீச்சர். ராத்திரியெல்லாம் அழுவுது. புட்டி குடுத்தாத்தான் தூங்குது" என்றார்.

"புட்டி கொடுக்க ஆரம்பித்து எத்தனை நாளாகிறது, அம்மா?"

"மூணு வாரம் இருக்கும்."

"பால் குறைந்தது எப்பொழுது?"

சற்று யோசித்தார். "அதுக்கப்புறந்தான்" என்றார்.

நேயர்களே, அந்த ஒரு விடையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால்மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் ஓயாமல் சீவினால் பட்டை காய்ந்து மரம் பால் தராமல் போகும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவார்கள். தாய்ப்பால் இதற்கு நேர்மாறானது. குழந்தை சப்பும்போதுதான் பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டினும், பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசினும் தாயின் உடலில் பெருகுகின்றன. மார்பு வெறுமையாக ஆக, மேலும் சுரக்கிறது. புட்டியால் வயிறு நிரம்பிய குழந்தை குறைவாகச் சப்பும், பால் தேங்கும், தேங்கினால் சுரப்பு குறையும். பிறகு "வற்றிவிட்டது" என்போம். இரவில் புரோலாக்டின் அதிகம் என்பதால் இராப்பாலை நிறுத்துவதும் தவறு.

குழந்தையின் அழுகையெல்லாம் பசியழுகை அல்ல. நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று பொருள். சில வாரங்களில் குழந்தை திடீரென்று அடிக்கடி பால் கேட்கும். அந்த நாள்களில்தான் பக்கத்து வீட்டு அக்காள் டின்னோடு வந்து நிற்பார்!

டின்பால் பழக்கம் நம்மிடையே நேற்று வந்ததன்று. 1930களில் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், சர்க்கரையிட்ட கட்டிப்பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டச் சொல்லி விற்பதைக் கண்டு கொதித்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசிய அவர், தம் உரைக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்' என்பதாகும்.  அவர் எதையும் மென்று விழுங்கவில்லை. பின்னர் ஜப்பானியர் காலத்தில் அவரே சிறைமுகாமில் அடைபட்டார். அங்கே உணவுப் பஞ்சம். ஆயினும் முகாமில் பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று அவர் பிற்காலத்தில் சொன்னதுண்டு. மெலிந்த தாய்க்குப் பால் ஊறாது என்போர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

என் அம்மா மரம் சீவியவர். பிரட்டுக்குப் போகும்முன் என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார். கையில் ரப்பர் பால் வாளி; மார்பிலோ பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடும் என்பார். கொட்டகையில் எனக்குக் கிடைத்தது தண்ணீரில் கரைத்த கட்டிப்பால். அவரை நான் குறை சொல்லமாட்டேன். வேறு வழியை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இன்று வழி இருக்கிறது. 2023 ஜனவரி முதல் நம் வேலைச் சட்டப்படி பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. வேலைக்குத் திரும்பியபின் கையைச் சோப்பிட்டுக் கழுவிப் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கலாம். வெளியில் நான்கு மணி நேரம், குளிர்ப்பெட்டிக்குள் நான்கு நாள் வரை கெடாது. அடுப்பில் காய்ச்ச வேண்டாம். பாத்திரத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் போதும்.

பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் சில நாள்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டாதீர்கள். அளவு கொஞ்சந்தான், ஆனால் நோயை எதிர்க்கும் சத்து செறிந்தது. சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது. முதல் ஆறு மாதத்திற்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் கொடுக்கலாம்.

உடல்நிலை காரணமாக, அல்லது உட்கொள்ளும் மருந்தின் காரணமாகப் பால் கொடுக்க இயலாத தாய்மார்களும் சிலர் உண்டு. அவர்கள் மருத்துவரைக் கேட்டு நடப்பதே முறை; அவர்களை ஏசுவது நமக்கு அழகன்று.

மாணவியின் தாயாரை அன்றே சுகாதார நிலையத்து மிஸ்ஸியிடம் போகச் சொன்னேன். குழந்தையை மார்பில் பிடிக்கவைக்கும் முறையை அவர் காட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து வழியில் பார்த்தேன். "ராத்திரி புட்டி இல்ல டீச்சர். பகல்ல மட்டும் ஒரு தடவ" என்றார்.