நம் குழந்தைகளின் கலைக்களஞ்சியத்தில் வெண்மணி வருமா?



பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' வெளியிட்டது. 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகள். ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கும் உலகத்தைத் தமிழிலேயே தர முடியும் என்று காட்டிய பேருழைப்பு அது. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்த வரிசை தொடங்கிய அதே 1968இல், டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள். குழந்தைகளும் அதில் உண்டு. இன்று நம் நாட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு கலைக்களஞ்சியம் எழுதினால், 'கீ' வரிசையில் கீழ்வெண்மணி வருமா?

"சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு இதெல்லாம்?" என்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள்தான். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. பிள்ளைகளுக்குச் சாதி முன்பே தெரியும். யாரிடமிருந்து தெரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நாம் சொல்லாவிட்டால் கயிறு சொல்லிக்கொடுக்கும்.

திருவிதாங்கூர் தோள்சீலைப் போராட்டத்தைச் சொன்ன பாடம், என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து 2019இல் நீக்கப்பட்டது. பாடச்சுமையைக் குறைக்கிறார்களாம். எந்தச் சுமையை முதலில் இறக்குகிறார்கள் என்று பாருங்கள்!

கடைசித் தொகுதியில் 'சாதி' என்று ஒரு பக்கம் ஒதுக்கினால் போதாது. சாதாரணச் சொற்களுக்குள்ளேயே இந்த வரலாறு இருக்க வேண்டும். 'குளம்' என்றால் 1927இல் அம்பேத்கரோடு மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்த மகாத் குளமும் வர வேண்டும். 'வண்டி' என்றால் 1893இல் தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் அய்யன்காளி ஓட்டிய வில்வண்டி. 'இதழ்' என்றால் அதே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்', 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்'. 'சாக்கடை' என்றால் மனிதரை மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்த 2013 சட்டமும், அதன் பிறகும் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களும்.

இன்னொன்று, இலக்கணம். 'தீண்டாமை ஒழிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் யார் தீண்டாமல் வைத்தார்கள், யார் எதிர்த்து நின்றார்கள்? எழுவாய் இல்லாத வாக்கியத்தில் குற்றவாளியும் தப்பிக்கிறான், போராளியும் காணாமல் போகிறான். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத் தன் பாட்டன் அழுதது மட்டுமல்ல, எதிர்த்து நின்றதும் தெரிய வேண்டும். ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளைக்குத் தன் பாட்டன் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்கும் துணிவு வர வேண்டும்.

ஆய்வு மாணவர்களாகிய நாம் முந்நூறு பக்கம் ஆய்வேடு எழுதுகிறோம். படிப்பது நெறியாளரும் தேர்வாளர்களும்தான். ஆளுக்கொரு சொல்லை எடுப்போம். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி பத்து வரி எழுதுவோம். அப்படித்தான் இந்தக் கலைக்களஞ்சியம் தொடங்கும்.

ஜெய்பீம்.