தடையை வென்ற தமிழாசிரியர்

(மும்பையில் நம் சங்கம் நடத்திய புலவர் குழந்தை நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

அமைச்சர்களுக்கு விழா எடுக்கிறார்கள். நடிகர்களுக்கு விழா எடுக்கிறார்கள். நாம் இன்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்காகக் கூடியிருக்கிறோம். 39 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, ஓய்வு பெற்று, 1972-ஆம் ஆண்டு மறைந்தவர் அவர். பெயர் குழந்தை. பெயரில்தான் குழந்தை, தமிழில் அவர் முதியவர், கொள்கையில் அவர் வீரர்.

1906-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், இன்றைய ஈரோடு மாவட்டத்திலுள்ள ஓலவலசு என்ற சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்த ஊரில் அன்று பள்ளிக்கூடம் இல்லை. பக்கத்து ஊர்த் திண்ணைப் பள்ளியில் அவர் படித்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் எட்டு மாதங்கள்தான். மீதியை எல்லாம் தாமே படித்தார். தாமே படித்து, 1934-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வில் வெற்றி பெற்றார். பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் பிறந்த பிள்ளை, பவானி உயர்நிலைப் பள்ளியில் 1941 முதல் 1962 வரை 21 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கொடுத்தார். தமக்குக் கிடைக்காத ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பதற்குப் பெரிய மனம் வேண்டும், தோழர்களே!

அந்தப் பள்ளிக்கூட ஆசிரியர்தான் 1946-இல் இராவண காவியத்தை வெளியிட்டார். தமிழகக் காண்டம், இலங்கைக் காண்டம், விந்தக் காண்டம், பழிபுரி காண்டம், போர்க் காண்டம் என்று ஐந்து காண்டங்கள், 3,100 பாடல்கள். இராவணனைத் தமிழ் மன்னனாக, தலைவனாக நிறுத்திய காவியம் அது. அந்த நூலுக்கு அறிஞர் அண்ணா ஆராய்ச்சி முன்னுரை எழுதினார்.

கருத்தை ஏற்பவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. இந்த மன்றத்திலேயே இரு தரப்பாரும் இருக்கிறார்கள். மறுப்பவர்கள் என்ன செய்யலாம்? மறுத்து எழுதலாம். மேடை போட்டு வாதாடலாம். பாட்டுக்குப் பாட்டு பாடலாம். ஆனால் அன்றைய சென்னை மாகாணக் காங்கிரசு அரசு என்ன செய்தது? நாடு விடுதலை பெற்று ஓராண்டு கூட நிறையாத நேரத்தில், 1948-இல், நூலுக்குத் தடை போட்டது.

நாம் இங்கே கொஞ்சம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் ஒரு கட்சித் தலைவர் அல்லர். பின்னால் பணக்காரர் எவரும் இல்லை. துணைவியாரும் பெண்மக்களும் கொண்ட குடும்பத்தை ஆசிரியர் சம்பளத்தில் நடத்தியவர். மாதம் பிறந்தால் அரிசிக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் பதில் சொல்ல வேண்டியவர். அப்படிப்பட்டவரின் நூலை அரசு தடை செய்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? அக்கம் பக்கத்தார் என்ன சொல்வார்கள்? "உனக்கு எதற்கப்பா இந்த வம்பு? பாடத்தைச் சொன்னோமா, சம்பளத்தை வாங்கினோமா என்று இருக்கக் கூடாதா?" ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இந்த அறிவுரை புதிதல்ல. நம்மில் எத்தனை பேர் இந்தச் சொல்லைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்!

புலவர் வாயை மூடவில்லை, எழுதுகோலையும் மூடவில்லை. தடை வந்த மறு ஆண்டே, 1949-இல், திருக்குறளுக்கு உரை எழுதி வெளியிட்டார். குழந்தையுரை என்றே அதற்குப் பெயர். பிறகு 1959-இல் யாப்பதிகாரம் எழுதினார். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று படிப்படியாகச் சொல்லி, வெண்பாவும் விருத்தமும் எழுத விரும்பும் இளைஞனின் கையைப் பிடித்து நடத்திச் செல்கின்ற நூல் அது. தம் காவியத்தை அச்சிடவோ விற்கவோ வழியில்லாத ஒரு புலவர், பிறர் பாட்டெழுதக் கற்றுக்கொள்ள நூல் செய்து கொடுத்தார். ஆசிரியர் என்பவர் யார் என்று கேட்டால் நாம் இதைத்தான் விடையாகச் சொல்வோம்.

1962-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது சம்பளப் பட்டியலுக்குத்தான். 1967-இல் தொடையதிகாரம் வந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கும் உரை கண்டார். ஆண்டுகள் ஓடின. தடை மட்டும் நகரவில்லை. வகுப்பறையில் இருந்த காலத்தில் 14 ஆண்டுகள், ஓய்வில் 9 ஆண்டுகள், ஆக 23 ஆண்டுகள் அந்தத் தடை நின்றது. 1971-இல்தான் கலைஞர் தலைமையிலான தமிழ்நாடு அரசு அதை நீக்கியது. தடை வந்தபோது புலவருக்கு வயது 42-ஐ நெருங்கியிருந்தது; நீங்கியபோது 65-ஐ நெருங்கியிருந்தது. மறு ஆண்டே அவர் மறைந்துவிட்டார். தம் நூல் விடுதலை பெற்றதைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் போனார் என்பது நமக்கு ஓர் ஆறுதல். 23 ஆண்டுகள் காத்திருக்க வைத்தார்களே என்பது ஆறாத வேதனை.

2006-இல் அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. ஒரு காலத்தில் அரசு பூட்டி வைத்த நூலை இன்று எவரும் அச்சிடலாம், எவரும் படிக்கலாம். தடை போட்டவர்களின் ஆணையை இன்று தேடிப் படிப்பார் யார்? காவியம் நிற்கிறது.

தோழர்களே! மாலை போட்டுக் கைதட்டிக் கலைந்து போவதற்காக இந்தக் கூட்டத்தை நாம் கூட்டவில்லை. இந்த மும்பையில் மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. நாம் கேட்காமலே நமக்குக் கொடுத்த உரிமை அல்ல அது. பிள்ளைகள் இருந்தால்தான் வகுப்பு இருக்கும், வகுப்பு இருந்தால்தான் ஆசிரியர் இருப்பார். பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோரை நாம் பழிக்க மாட்டோம், வேலைக்காக அனுப்புகிறார்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தரக்கூட முடியாதா? எட்டு மாதத் திண்ணைப் பள்ளியை வைத்துக்கொண்டு ஒருவர் 3,100 பாடல்கள் எழுதினார். நம் பிள்ளைகள் தம் பெயரையாவது தமிழில் எழுத வேண்டாமா?

இந்தக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறோம்: ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள். இடத்தைச் சங்கம் கொடுக்கும். சிலேட்டும் புத்தகமும் நாங்கள் வாங்கித் தருகிறோம். பிள்ளைகளை அழைத்து வருவது தாய்மார்களின் பொறுப்பு.

புலவர் குழந்தைக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச் சின்னம் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புதான். அதை எழுப்புவோம்.