வினாவைத் திருப்பிக் கேட்டவர்கள்

பூனாகலைத் தோட்டத்தில், லயத்தை அடுத்து நிற்கும் மரமொன்றிலே இரும்புக் கம்பியால் ஊஞ்சல் கட்டப்பட்டிருக்கிறது எனக் கொள்க. அதன் நீளம் 7 அடி 4 அங்குலமாயின், சிறிதே அசைந்தாடும்போது ஒருமுறை போய்த் திரும்ப 3 விநாடி செல்லும். அதே ஊஞ்சலைக் கம்பி கிடையாக வரும்வரை இழுத்துவிட்டால், காற்றின் தடையை நீக்கிப் பார்க்கினும், மூன்றரை விநாடிக்குச் சற்று அதிகமாகும். பாடநூலின் எளிய விதி சிறு வீச்சுக்கே பொருந்தும்.

பெருவீச்சின் நேரத்தைக் கணிக்கப் புகுந்தால் ஒரு தொகையீடு எதிர்ப்படும். பள்ளியில் கற்கும் சார்புகளுள் எதனாலும் அது தீராது. நீள்வட்டத்தின் சுற்றளவைக் காண முயன்றபோதும் இவ்வினமே எதிர்ப்பட்டமையால், நீள்வட்டத் தொகையீடு என்ற பெயர் வழங்கலாயிற்று.

பிரான்சு நாட்டு லெஜாந்தர் ஏறக்குறைய 40 ஆண்டுகள் இதனை ஆராய்ந்தார். ஊஞ்சலின் மொழியிற் சொன்னால், அவர் வினா இது: ‘இந்த இடத்தை அடைய எவ்வளவு நேரம் செல்லும்?’ நோர்வே நாட்டு ஆபெலும், ஜேர்மனியரான யாக்கோபியும் அவ்வினாவைத் திருப்பிக் கேட்டனர்: ‘இவ்வளவு நேரம் சென்றபின் ஊஞ்சல் எங்கே இருக்கும்?’

சிக்கல் அவிழ்ந்தது. சைன் சார்புக்கு ஆவர்த்தனம் ஒன்றே. புதிதாகப் பிறந்த நீள்வட்டச் சார்புகளுக்கோ இரண்டு. ஊஞ்சலில் ஒன்று மெய்யெண், மற்றது கற்பனையெண்.

யாக்கோபி இவற்றைத் தொகுத்து, ‘நீள்வட்டச் சார்புக் கொள்கையின் புதிய அடிப்படைகள்’ என்னும் பொருள்படும் இலத்தீன் நூலை 1829 இல் கோனிக்ஸ்பேர்க் நகரில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 24. ஓர் எண்ணை நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எத்தனை வகையில் எழுதலாம் என்பதற்கும் அந்நூல் வழிகாட்டியது. ஒற்றை எண்ணாயின் அதன் வகுத்திகளைக் கூட்டி எட்டால் பெருக்கினால் விடை வரும். 3 என்ற எண்ணுக்கு 1, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 4. எனவே, குறிகளையும் வரிசையையும் வேறுபடுத்தி எண்ணினால் 32 வகை.

முதியவரான லெஜாந்தர் மனம் புழுங்கவில்லை. இளைஞர் இருவரின் கண்டுபிடிப்புகளையும் தம் நூலின் பிற்சேர்க்கைகளில் விளக்கினார்.

ஆனால், 1827 இலேயே ஆய்வை வெளியிடத் தொடங்கிய ஆபெலுக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1829 ஏப்ரல் 6 ஆம் நாள் காசநோயால் 26 வயதில் மறைந்தார். பெர்லினில் அவருக்குப் பதவி உறுதியாயிற்று என்று கிரெல்லே எழுதிய கடிதத்தின் திகதி ஏப்ரல் 8. மறு ஆண்டு பாரிசு அறிவியற் கழகம் தன் பரிசை இருவர்க்கும் சேர்த்தே வழங்கியது.

யாக்கோபி வளர்த்த தீட்டாச் சார்புகள் பின்னர்க் கும்பகோணத்து இராமானுஜனின் கையில் புத்துருப் பெற்றன. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்த அவருக்கு ஹார்டியின் பதிற்கடிதம் 1913 இல் வந்தது, காலந்தாழ்த்தாமல் வந்தது. 1920 சனவரியில், மரணத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன், ‘போலித் தீட்டாச் சார்புகள்’ பற்றி ஹார்டிக்கு எழுதினார் இராமானுஜன். அவற்றின் உட்பொருளை ஒல்லாந்தரான சுவேகர்ஸ் 2002 இல் துலக்கினார்.

ஆபெலுக்கு இரண்டு நாளால் தவறியது, இராமானுஜனுக்கு ஏழாண்டுப் பணியாக விளைந்தது. ஊவாவின் மலைப்பள்ளியிலும் வினாவைத் தலைகீழாக்கிக் கேட்கும் மாணவர் தோன்றக்கூடும். அதற்குச் செவிசாய்ப்போர் காலத்தில் வாய்ப்பதே வேண்டுவது.