கை வைத்துப் பார்க்காதீர்கள்



விநாயகர் சிலைகளைக் கரைக்கும் நாளில் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனவர்கள் அங்கே நிற்கும் கிரேன்களைப் பார்த்திருப்பீர்கள். லாரியில் வந்த பெரிய சிலையை அப்படியே தூக்கி அலைக்குள் இறக்கும். அந்தக் கிரேனின் கையை உயர்த்திப் பிடிப்பது குழாய்க்குள் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய்தான். அதே பருவத்தில் காவிரிப் படுகையில் சம்பா நடவுக்குச் சேறடிக்கிறார்கள். அங்கே வயலில் இறங்கும் நடவு மெஷினுக்குள்ளும் இதே ஹைட்ராலிக் ஆயில்தான் வேலை செய்கிறது. சென்னைக்காரர்களுக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலருடைய அப்பாவோ மாமாவோ ஊரில் அந்த மெஷினுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

நடவுக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. 2024 குறுவைத் தொகுப்பில் மெஷின் நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் என்று தமிழக அரசு அறிவித்ததற்கும் அதுதான் காரணம். மெஷின் பெரும்பாலும் வாடகைக்கு வருகிறது. இன்று உங்கள் வயல், நாளை அடுத்தவர் வயல். மெஷினுக்கென்று பாய் போல வளர்க்கும் நாற்றோ 14 முதல் 18 நாளுக்குள் நட வேண்டியது, முற்றினால் வீண். நடுவயலில் மெஷின் நின்றால் எல்லோருக்கும் பதற்றம். விபத்து நடப்பது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

உட்கார்ந்து ஓட்டும் மெஷினில் நாற்றுப் பாய் வைக்கும் தட்டு, நாற்றைக் கிள்ளி நடும் கைகள், சேற்றில் வழுக்கிச் செல்லும் மிதவை எல்லாம் பின்பக்கம் ஒரே தொகுதியாக இருக்கும். வரப்போரம் திரும்பும்போது லீவரைத் தள்ளினால் அந்தத் தொகுதி மேலே எழும். தூக்குவது ஒரு சிலிண்டர். மேலே நிற்கிறதே என்று நம்பி அதற்கு அடியில் தலையை விட்டு, சிக்கிய வைக்கோலை எடுப்பவர்கள் உண்டு. ஒரு சீல் கிழிந்தாலும், ஓஸ் வெடித்தாலும், யாராவது தெரியாமல் லீவரைத் தட்டினாலும் அது இறங்கிவிடும். அடியில் வேலை இருந்தால் மெஷினோடு வந்த பூட்டைப் போடுங்கள். பூட்டு இல்லையென்றால் உறுதியான கட்டையால் தாங்கல் கொடுங்கள். செங்கல் அடுக்குவது கூடாது. பாரம் ஏறினால் நொறுங்கும்.

இதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத கசிவு. கார் டயரில் இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 பவுண்டு. டிராக்டர் ஹைட்ராலிக்கில் அது 2,000 பவுண்டைத் தாண்டும். மனிதத் தோலைத் துளைக்க 100 பவுண்டே போதும். ஓஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் ஆயில் புகை போல் பீய்ச்சும். எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது நம் மெக்கானிக்குகளின் பழக்கம். அந்த விரலுக்குள் ஆயில் பாய்ந்துவிடும். கையுறை தடுக்காது. ஓர் அட்டைத் துண்டையோ பலகையையோ தள்ளி நின்று பிடித்துப் பாருங்கள். ஆயில் அதில் படட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படிப் பாய்ந்த காயம் சிறு புள்ளி மாதிரிதான் தெரியும். முதலில் பெரிதாக வலிக்காது. மஞ்சள் வைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே ஆயில் தசைநார் வழியே பரவி, சில மணி நேரத்தில் கை வீங்கும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரும். எனவே வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், உடனே அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். "முள் குத்தியது" என்று சொல்லாதீர்கள். "அழுத்தத்தில் இருந்த ஹைட்ராலிக் ஆயில் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று சொல்லுங்கள். ஆயில் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

பழுது பார்க்கும் முன் ஒரு வரிசை இருக்கிறது. தூக்கிய தொகுதியைத் தரையில் இறக்குங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். பிறகு லீவரை முன்னும் பின்னும் சில தடவை அசையுங்கள். எஞ்சின் நின்றாலும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். இப்படி அசைத்தால்தான் இறங்கும். அதன் பிறகே ஸ்பானரை எடுங்கள். எஞ்சின் ஓடும்போது கசியும் நட்டை இறுக்குவது கூடவே கூடாது.

தடுப்பு வேலை சுலபமானது. ஓஸில் வெடிப்பு, வீக்கம், உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிவது, எதைக் கண்டாலும் மாற்றுங்கள். டேப் சுற்றி ஓட்டுவது ஒருநாள் கூட நியாயமில்லை. ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் காற்று புகுந்திருக்கிறது. கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் ஒட்டிய சேற்றைத் துடையுங்கள். உள்ளே போகும் மண் பம்பையும் சீலையும் அரிக்கும்.

சம்பா நடவுக்கு மெஷின் பேசும்போது, ஊரில் இருப்பவர்களிடம் வாடகையோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஓஸ் எப்போது மாற்றினீர்கள்? தூக்கி நிறுத்தும் பூட்டு வேலை செய்கிறதா? பதில் சொல்லத் தயங்கும் மெஷினை வரப்பிலேயே நிறுத்திச் சரிபார்த்த பிறகு வயலில் இறக்கலாம்.