பேய்க்கும் காரணம் உண்டு

2007இல் வந்த ஜப்பானிய அனிமே தொடர் 'மோனோனோகே'. அதில் பேயோட்டும் மருந்து வியாபாரி, பேயின் உருவம், நடந்த உண்மை, அதன் குமுறலுக்கான காரணம் மூன்றும் தெரியாமல் வாளை உருவ முடியாது. முதல் கதையில், முன்பு விபச்சார விடுதியாக இருந்த சத்திரத்தில் கலைக்கப்பட்ட கருக்கள்தான் பேய்.

இங்கே கொங்கில், அருந்ததியர் வளவுகளில் மதுரை வீரனைக் கும்பிடுகிறோம். பாளையக்காரர் மகள் பொம்மியைச் சிறையெடுத்தவன். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். கொன்றுவிட்டுச் சாமியாக்கினார்கள். அதுவும் போதாமல், கதைப்பாடலிலும் 1956 எம்.ஜி.ஆர். படத்திலும் அவன் ராஜா வீட்டுப் பிள்ளை. சக்கிலியர் எடுத்து வளர்த்தார்களாம்! என் பாட்டி தெலுங்கில் சொன்ன கதையில் அவன் நம் வயிற்றில் பிறந்தவன்தான். அதை அன்று நான் எழுதி வைக்கவில்லை. இப்போது வளவு வளவாகப் போய்க் கிழவிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.