மைதானத்திற்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



விளையாடப் போகட்டுமா என்று பிள்ளை கேட்கும்போது பெற்றோரின் உள்ளத்தில் இரு எண்ணங்கள் ஒருசேர எழுகின்றன. உடல் உறுதி பெறட்டும், கைத்தொலைபேசியை விட்டுச் சற்று விலகட்டும் என்று ஓர் எண்ணம். அடிபட்டு விடுமோ, படிப்புக் கெடுமோ, தொழுகை தவறுமோ என்று மற்றோர் எண்ணம்.

உச்சமுனை போன்ற கரையோரக் கிராமங்களில் இத்தயக்கம் இரட்டிப்பாகும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. ஊர் மணலில் பந்துதைத்துப் பழகிய பிள்ளை, கற்பிட்டியிலோ புத்தளத்திலோ நடைபெறும் போட்டிக்குச் செல்வதாயின் முதலில் படகேற வேண்டும். காற்று மாறினால் திரும்புவதற்குத் தாமதமாகும். வாப்பா மீன்பிடிக்கச் சென்றிருக்க, கரையில் காத்து நிற்பவள் உம்மாவே.

இந்த அச்சத்தை எவரும் எள்ளிநகையாடலாகாது. 2024 மார்ச் மாதம் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அச்செய்தியைக் கேட்டு நடுங்காத பெற்றோர் இருக்க முடியாது. எனினும், அஞ்சிப் பிள்ளையை வீட்டினுள் அடைத்து வைப்பதால் அமானிதம் பேணப்பட்டு விடுமா? அளவறிந்து அனுப்புவதே அதனைப் பேணும் வழியாகும்.

நபி (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தைப் பற்றி இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புஹாரியில் உள்ளது. பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா முதல் ஸனிய்யத்துல் வதா வரை ஐந்து அல்லது ஆறு மைல் தூரம். பயிற்றுவிக்கப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் மாத்திரமே. வாயில்லாப் பிராணிக்கே அதன் சக்தியறிந்து தூரம் வகுக்கப்பட்டதெனில், நாம் பெற்ற பிள்ளைக்கு அந்நீதி வேண்டாமா? பல நாள் பயிற்சியில்லாத சிறுவனை ஒரே நாளில் நெடுந்தூரம் ஓடவிடுவது இவ்வழிமுறைக்கு முரணானது.

ஆகவே, பயிற்றுவிப்பாளரிடம் கேளுங்கள். ஓட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பமாகிறது? வழியில் தண்ணீர் உண்டா? முதலுதவி தெரிந்தவர் உள்ளாரா? காய்ச்சலோ நெஞ்சு நோவோ இருப்பின் பிள்ளையை அனுப்பாதீர்கள். வெயிலில் ஓடியவன் தடுமாறினாலோ, வாந்தியெடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலை நீரால் நனைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். படகில் செல்வோர் உயிர்காப்பு அங்கி அணிந்தே செல்ல வேண்டும்.

நேயர்களே, வேறோர் ஆபத்து நம்மிடமிருந்தே வருகிறது. பிள்ளை தோற்றுவிட்டால் முகத்தைத் திருப்பிக் கொள்ளும் பெற்றோர் உளர். மைதான ஓரத்தில் நின்று பலர் முன்னிலையில் ஏசுவோரும் உளர். அங்கே விளையாடுவது பிள்ளையன்று, நமது பெருமையே.

நபி (ஸல்) அவர்களின் ஒட்டகமான அழ்பா, எவராலும் முந்தப்படாதது என்று பெயர் பெற்றிருந்தது. ஒருநாள் நாட்டுப்புற அரபியர் ஒருவரின் ஒட்டகம் அதனை முந்திவிட்டது. தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்த எதனையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். இதுவும் புஹாரியில் உள்ள செய்தியே.

அப்பாஸ் (ரழி) அவர்களின் சிறுபிள்ளைகளை அணிவகுத்து நிறுத்தி, தம்மை நோக்கி ஓடிவரச் செய்வார்கள் நபியவர்கள் என்று முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. முந்தி வருபவருக்குப் பரிசு உண்டென்பார்கள். ஓடி வந்த பிள்ளைகள் அவர்களின் முதுகிலும் மார்பிலும் விழ, அவர்களை அணைத்து முத்தமிடுவார்கள். பரிசு முந்தியவருக்கு, அணைப்போ ஓடி வந்தோர் அனைவருக்கும்.

எனவே பிள்ளைகளை விளையாட விடுங்கள். மஃரிப் பாங்குக்கு முன் வீடு திரும்பவும், தொழுகையையும் பாடத்தையும் விட்டுவிடாதிருக்கவும் பழக்குங்கள். பெண் பிள்ளைகளுக்கும் ஒழுக்கம் பேணிய தகுந்த இடமொன்றை ஊரார் கூடி ஒழுங்கு செய்யுங்கள். வென்று வந்தாலும் தோற்று வந்தாலும் முதலில் சாப்பாட்டைக் கொடுத்து, ஆட்டம் எப்படியென்று பின்னர் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைக் கடலிலும் கரையிலும் பாதுகாத்து, உடலும் உள்ளமும் உறுதியானோராக ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.